குடம் அடிப்பவர் ஏன் ‘வாசிப்பு’ என்று எழுதுகிறார்?

கேரளத்தின் நெய்யாற்றின்கரைப் பக்கத்து அதியன்னூரில் ஓர் இளைஞரை எண்ணிக்கொள்ளுங்கள். கொடை விழாக் காலத்தில் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறார். விடியற்காலையில் ஆசானிடம் அடிமுறை என்ற தற்காப்புக் கலையைப் பழகுகிறார். வேலைக்கான விண்ணப்பத்தில் ‘பொழுதுபோக்கு’ என்ற கட்டம் வந்ததும் இரண்டையும் விட்டுவிட்டு ‘வாசிப்பு, இசை கேட்பது’ என்று எழுதுகிறார். கடைசியாக வாசித்த புத்தகம் எது என்று தேர்வுக்குழு கேட்கும்போது நா வறண்டு போகிறது.

இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதன் பிறகு இந்தப் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் இன்னொரு மொழி, நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் ஆங்கிலம். வில்லுப்பாட்டை மலையாளத்தில் வில்லடிச்சான் பாட்டு என்றாவது சொல்லிவிடலாம். அடிமுறையின் ஒற்றைச்சுவடை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? பெயர் சொல்ல முடியாத ஒன்றைத் தன் திறமை என்று முன்வைக்க யாருக்கும் துணிவு வராது.

மொழி மட்டுமே காரணம் என்றால் பயிற்சி கொடுத்துத் தீர்த்துவிடலாம். இன்னொரு காரணம் இருக்கிறது. அதைப் பேசத்தான் நாம் தயங்குகிறோம். “வில்லுப்பாட்டா? எந்தக் கோயில் கொடையில்?” என்ற அடுத்த கேள்வி, கேட்பவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், சாதியை விசாரிக்கும் கேள்வியாகிவிடும். அடிமுறை ஆசான் யார் என்பதும் அப்படியே. அந்தப் பிள்ளை மறைப்பது பொழுதுபோக்கை அல்ல, அதன் வழியாகத் தெரியவரும் தன் பிறப்பை.

இந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் சேர்க்கை குறித்த அஜய் ஹாசியா வழக்கில் 1980-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் பேசி, பெற்றோரையும் ஊரையும் விசாரித்து அனுப்பிய நேர்முகத் தேர்வைக் கண்டித்தது. வாய்மொழித் தேர்வுக்கு 15 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் ஒதுக்கக் கூடாது என்றும் சொன்னது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். லாரன் ரிவேரா, ஆண்ட்ராஸ் டில்சிக் என்ற இரு ஆய்வாளர்கள் பெரிய சட்ட நிறுவனங்களின் 316 அலுவலகங்களுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் மதிப்பெண்ணும் ஒன்றே. பாய்மரப் படகு, போலோ, செவ்வியல் இசை என்று எழுதிய ஆணுக்கு 16 சதவீத இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஓட்டப்பந்தயம், தெருக் கால்பந்து, ‘கன்ட்ரி’ இசை என்று எழுதிய ஆணுக்குக் கிடைத்தது ஒரு சதவீதத்துக்குச் சற்றே மேல். 2016-ல் வெளியான ஆய்வு இது. பொழுதுபோக்குக் கட்டம் வசதியை அளக்கும் கருவியாக மாறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

அப்படியானால் பொய்யே பாதுகாப்பா? இல்லை. மத்திய குடிமைப் பணித் தேர்வின் மொத்த மதிப்பெண் 2025. அதில் ஆளுமைத் தேர்வுக்கு 275. விரிவான விண்ணப்பத்தில் நாம் எழுதிக்கொடுக்கும் விருப்பங்களே அங்கு பாதிக் கேள்வித்தாள். இரவல் விருப்பம் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். அந்த நேர்காணலைத் தமிழிலேயே சந்திக்கும் உரிமையும் உண்டு என்பதை எல்லையோரப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

குடம் அடிப்பவரிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. வில்லின் நாணில் விழும் வீசுகோலின் அடியையும் உடுக்கையையும் ஒரே காதில் வாங்க வேண்டும். முதன்மைப் பாடகரான புலவர் கதையின் உச்சத்தில் வேகத்தைக் கூட்டினால் அந்தக் கணமே கூடவே ஓட வேண்டும். இரவு முழுக்கப் பாட்டு நடந்தாலும் விடியும்போது தாளம் தளரக் கூடாது. இதை அப்படியே சொன்னால் போதும். ‘குழுவாக இயங்கும் திறன்’, ‘தலைமைப் பண்பு’ என்றெல்லாம் உறை போட்டுக் கொடுக்க வேண்டாம், கேட்பவருக்கே புரியும்.

வாசிப்புதான் உண்மையான விருப்பம் என்றால் அதற்கும் குறைவில்லை. 1945-ல் பி.என்.பணிக்கர் முயற்சியில் திருவிதாங்கூர் கிரந்தசாலை (நூலக) சங்கம் உருவான மண் இது. ஆனால், எந்த நூலகம், எந்த எழுத்தாளர், எந்தப் பக்கத்தில் மனம் நின்றது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பொழுதே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். கல்லூரி முடிந்து வந்து தம்பிக்குச் சோறு பொங்கி, ஞாயிற்றுக்கிழமை துணிக்கடையில் நிற்கும் பெண்ணிடம் பொழுதுபோக்கு கேட்பது கொடுமை. “நேரம் கிடைத்ததில்லை, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்” என்று அவர் சொன்னால் அதை முழுமையான பதிலாகவே ஏற்க வேண்டும்.

தேர்வுக்குழுவில் அமர்பவர்களே, எந்தக் கோயில், எந்த ஆசான், எந்தக் குடும்பம் என்று கேட்காதீர்கள். எப்படிக் கற்றாய், எங்கே தவறினாய், அடுத்து என்ன பழகப்போகிறாய் என்று கேளுங்கள். மாதிரி நேர்காணல் நடத்தும் பயிற்சி நிலையத்தாரே, மனப்பாடப் பட்டியலைக் கையில் திணிக்கும் முன், சாயங்காலம் அந்தப் பிள்ளை எங்கே போகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.