முழு விலையை முதலில் சொல்வோம்

அமெரிக்கச் சிற்றூர்கள் சிலவற்றில் இரும்புச் சாமான் கடையிலேயே அணில், முயல் வேட்டைக்கான புள்ளி 22 ரிம்ஃபயர் துப்பாக்கி கிடைக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் உள்ள நம் நாட்டில் அந்த வேட்டைக்கு இடமில்லை. நாம் பார்ப்பது விலை சொல்லும் முறையை மட்டுமே.

1964இல் ரூகர் கம்பெனி 10/22 என்ற துப்பாக்கியை 54.50 டாலருக்குக் கொண்டுவந்தது. இன்றும் அது விற்பனையாகிறது. ஜெர்மனியின் ஆன்ஷூட்ஸ் பல மடங்கு விலை. வித்தியாசம் முக்கியமாகக் குழலிலும் விசையிலும். அணிலைத் தலையில் சுட்டால்தான் கறி கெடாது. ஐம்பது கஜத்தில் குறி தப்பாத குழலுக்குக் கொடுக்கும் காசு வீணல்ல. கட்டையின் மெருகுக்குக் கொடுப்பது வேறு கணக்கு.

ஆனால் விலைச்சீட்டில் பெரும்பாலும் துப்பாக்கி மட்டும்தான். ஸ்கோப் தனி, அதைப் பொருத்தும் வளையம் தனி. ஒரு துப்பாக்கிக்கு ஒத்துவரும் தோட்டா இன்னொன்றுக்கு ஒத்துவராது. நாலைந்து கம்பெனித் தோட்டாக்களை வாங்கிச் சுட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இதையெல்லாம் கூட்டி முதலிலேயே சொல்பவரே நல்ல வியாபாரி என்போம்.

எலெக்ட்ரானிக் தராசு வாங்கப் போன நமக்கு, முத்திரைக் கட்டணம் தனி என்று பில் போடும்போது சொன்னார்கள். அன்று நமக்கு வந்த கோபம் நம் வாடிக்கையாளருக்கும் வருமல்லவா? முழு விலை சொன்னால் சிலர் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். போகட்டும்.