பாட்டு கேட்க மட்டும் ஒரு பெட்டி!

“போன்லயே எல்லாப் பாட்டும் இருக்கே, இதுக்குப் போய்த் தனியா காசு செலவு பண்ணணுமா?” மியூசிக் பிளேயர் என்ற பேச்சை எடுத்தாலே வீட்டில் முதலில் கிளம்பும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. 2001-ல் ஐபாடை அறிமுகப்படுத்திய ஆப்பிள் நிறுவனமே 2022-ல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. கேமரா, கடிகாரம், டார்ச் லைட் வரிசையில் பாட்டுப் பெட்டியையும் போன் விழுங்கிவிட்டது.

ஆனாலும் மூன்று பேருக்குத் தனி பிளேயர் இன்றும் தேவைப்படுகிறது. டச் ஸ்கிரீனோடு மல்லுக்கட்ட முடியாத தாத்தா, பாட்டி. பாட்டு கேட்கப் போனை எடுத்து, ரீல்ஸில் ஒரு மணி நேரத்தைத் தொலைக்கும் பிளஸ் டூ பிள்ளை. இசையைத் துல்லியமாகக் கேட்க ஆசைப்படும் ரசிகர். மூவருக்கும் ஒரே பிளேயர் பொருந்தாது. அதனால் ‘எது நல்ல பிளேயர்?’ என்று கேட்பதற்கு முன், ‘யாருக்கு வாங்குகிறோம்?’ என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

தாத்தா, பாட்டிக்கு

இவர்களுக்குத் தேவை, தடவிப் பார்த்தாலே தெரிகிற பெரிய பட்டன்களும், இயர்போன் இல்லாமலே கேட்கிற ஸ்பீக்கரும். பழைய ரேடியோ போன்ற தோற்றத்தில் வரும் சரிகம கார்வான் இந்த ரகம். 5,000 பாடல்களை ஏற்றியே தருகிற தமிழ் மாடலும் உண்டு. இன்டர்நெட் வேண்டாம். பென் டிரைவ் செருகவும் வழி இருக்கிறது. ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். உள்ளே அந்த நிறுவனத்திடம் உரிமை உள்ள பாடல்களே இருக்கும். உங்கள் அம்மாவுக்குப் பிடித்த பாடல்கள் அதில் இருக்கின்றனவா என்று, பெட்டியோடு வரும் பாடல் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பென் டிரைவும் மெமரி கார்டும் போடக்கூடிய சாதாரண எஃப்.எம். ஸ்பீக்கர் இன்னும் மலிவு. ஆனால் பாட்டை நீங்கள்தான் ஏற்றித் தர வேண்டும். வீட்டில் உபன்யாசம், பட்டிமன்றம் கேட்கிறவர்கள் இருந்தால் கூடுதலாக ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு மணி நேரச் சொற்பொழிவைப் பாதியில் அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஆரம்பத்திலிருந்தே பாடினால், பத்து நாளில் அந்தப் பெட்டி பரணுக்குப் போய்விடும்.

படிக்கிற பிள்ளைக்கு

சட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்ன எம்பி3 பிளேயர் போதும். அட்டைப் பெட்டியில் ‘வைஃபை’, ‘ஆப்ஸ்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிளேயர் என்ற பெயரில் விற்கும் சிலவற்றில் கேமும் யூடியூபும் சேர்ந்தே வருகின்றன. எதைத் தவிர்க்க வாங்குகிறோமோ, அதையே காசு கொடுத்து வாங்கின கதை ஆகிவிடும்.

மெமரி கார்டு போடும் வசதியுள்ள பட்டன் போனும் நல்ல பிளேயர்தான். அதைவிட மலிவு, அலமாரியில் தூங்கும் பழைய ஸ்மார்ட்போன். சிம்மைக் கழற்றுங்கள், தேவையில்லாத ஆப்களை நீக்குங்கள், ஏரோபிளேன் மோடில் போடுங்கள். செலவே இல்லை. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதைத் தொடவே வேண்டாம்.

துல்லியம் தேடும் ரசிகருக்கு

சோனி இன்றும் வாக்மேன் என்ற பெயரில் டிஜிட்டல் பிளேயர்கள் விற்கிறது. ஃபீயோ போன்ற நிறுவனங்களும் இருக்கின்றன. விலை, ஒரு நல்ல போனின் விலையைத் தொடும். இதில் இறங்குவதற்கு முன் உங்கள் இயர்போனைப் பாருங்கள். சாதாரண இயர்போனில் கேட்டால், விலை உயர்ந்த பிளேயரின் அருமை தெரியாது. கையில் இருப்பது குறைந்த பணம் என்றால், முதலில் நல்ல வயர் ஹெட்போன் வாங்குவதே லாபம்.

எத்தனை ஜி.பி. வேண்டும்?

கணக்கு எளிது. ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று, 128 கே.பி.பி.எஸ். தரத்தில் ஏறக்குறைய 5 எம்.பி. பிடிக்கும். 320-ல் 12 எம்.பி. சி.டி.யில் உள்ளது உள்ளபடி என்றால் 50 எம்.பி.யைத் தாண்டும். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் முறையில் ஏறத்தாழ 30 எம்.பி.

அதாவது, 32 ஜி.பி. கார்டில் 320 தரத்தில் சுமார் 2,600 பாட்டு அடங்கும். தினமும் இரண்டு மணி நேரம் கேட்டாலும், திரும்ப முதல் பாட்டுக்கு வர மூன்றரை மாதம் ஆகும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே தாராளம். மலிவு பிளேயர்கள் பல 32 ஜி.பி.க்கு மேல் கார்டை ஏற்பதுமில்லை. ‘1 டி.பி. கார்டு, சில நூறு ரூபாய்தான்’ என்று வரும் ஆன்லைன் விளம்பரங்களை நம்பாதீர்கள். போலிக் கார்டுகளில் உண்மையான கொள்ளளவு நிரம்பியதும், ஏற்கெனவே ஏற்றியவை அழிய ஆரம்பிக்கும்.

இன்னொன்று, 128 தரப் பாட்டை 320 ஆக மாற்றினால் ஃபைல்தான் பெருக்கும், சத்தம் மேம்படாது.

பாட்டு எங்கிருந்து வரும்?

பிளேயர் வாங்கியவர்கள் பலர் திகைத்து நிற்கும் இடம் இதுதான். ஸ்பாட்டிஃபை போன்ற ஆப்களில் மாதச் சந்தா கட்டி ‘டவுன்லோடு’ செய்த பாட்டை பிளேயருக்கு மாற்ற முடியாது. அது அந்த ஆப்புக்குள் மட்டுமே பாடும். 30 நாளுக்கு ஒருமுறையாவது இன்டர்நெட்டில் இணைய வேண்டும், சந்தா நின்றால் டவுன்லோடும் போய்விடும். நாம் கொடுப்பது வாடகைதான்.

அப்படியானால் சொந்தப் பாட்டு எது? காசு கொடுத்து வாங்கிய சி.டி.க்களும் கேசட்டுகளும்தான். யு.எஸ்.பி.யில் செருகும் சி.டி. டிரைவ் ஒன்று இருந்தால், பழைய சி.டி.க்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம். கேசட்டுக்குப் பொறுமை வேண்டும். டேப் ரெக்கார்டரை வயர் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து, ஆடசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம். 60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடமும் ஓட வேண்டும். ஆனால், அப்பா பாடியதையோ, பாட்டியின் தாலாட்டையோ பதிந்துவைத்த கேசட் உங்கள் வீட்டில் இருந்தால், பிளேயர் வாங்காவிட்டாலும் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். எந்த ஆப்பிலும் அது கிடைக்காது. நாடா ஆண்டுக்கு ஆண்டு நலிந்துகொண்டே போகும்.

ஃபைல்களுக்கு 01, 02 என்று எண் கொடுத்து, ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். மலிவு பிளேயர்கள் பலவற்றில் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாகத்தான் தெரியும்.

காது பத்திரம்

பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். இதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. 90 டெசிபலுக்கு ஏறினால், பெரியவர்களுக்கே வாரம் நான்கு மணி நேரம்தான். வால்யூமுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருந்தால், பிள்ளையிடம் தருவதற்கு முன் அதை அமைத்துவிடுங்கள். அருகில் நின்று சாதாரணக் குரலில் கூப்பிட்டால் பிள்ளைக்குக் கேட்கவில்லையா? வால்யூம் அதிகம் என்று அர்த்தம்.

கடையில் செய்ய வேண்டியவை

பத்துப் பாட்டு ஏற்றிய உங்கள் சொந்த கார்டை எடுத்துப்போங்கள். அதைப் போட்டுப் பாருங்கள். 3.5 மி.மீ. இயர்போன் துளை இருக்கிறதா, சார்ஜ் போட டைப்-சி துளை இருக்கிறதா, பாக்கெட்டில் பட்டன் தானாக அழுந்தாமல் பூட்டும் வசதி உண்டா என்று பாருங்கள். ரசீதும் வாரன்டி கார்டும் கேட்டு வாங்குங்கள்.

முக்கியமாக, யாருக்காக வாங்குகிறீர்களோ அவரைக் கடைக்கு அழைத்துப்போங்கள். பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டியது அவருடைய விரல்தான்!