மாற்றுக் கிட்னியும் மாத்திரை வாழ்க்கையும்

தோட்டத்திலே யாருக்காவது மாற்றுக் கிட்னி வைத்துவிட்டார்கள் என்றால் லயமே திரண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமும் கட்டிலடியில் குவிகின்றன. ‘அப்பாடா, இனிமே ரத்தம் கழுவப் போக வேண்டியதில்லை, பொழைச்சுக்கிட்டான்’ என்று எல்லோரும் பெருமூச்சு விடுகிறோம். நியாயமான பெருமூச்சுதான். வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் என்று மெஷினோடு கட்டுண்டு கிடப்பது சாமானிய வேதனையல்ல. மலேசியாவில் இன்று 50,000 பேருக்கு மேல் அப்படிக் கிடக்கிறார்கள். மாற்றுக் கிட்னி கிடைப்பதோ ஆண்டுக்குச் சில நூறு பேருக்குக்கூட நிச்சயமில்லை. கிடைத்தவன் பாக்கியசாலிதான்.

ஆனால் ஆறு மாதம் கழித்து அதே ஆளைப் பார்த்து நாம் என்ன சொல்கிறோம்? ‘என்னடா, மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஊதிப்போச்சு? தண்ணி போடுறியா?’ என்கிறோம். அவன் சிரித்து மழுப்பிவிட்டுப் போகிறான். மறுநாள் ஒரு மாத்திரையைக் குறைக்கிறான். அடுத்த வாரம் இரண்டு. ஆபரேஷனைப் பற்றி ஆயிரம் பேசுகிற நாம், அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டிய மாத்திரையைப் பற்றியும் அது உடம்பைப் படுத்தும் பாட்டைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. இது பெருங்குறை என்பது என் அபிப்பிராயம்.

முதலில், அந்த மாத்திரை எதற்கு? நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் தோட்டத்து ஜாகா மாதிரி. வெளியாள் யார் நுழைந்தாலும் பிடித்து அடிப்பார்கள். வந்தவன் திருடனா, விருந்தாளியா என்றெல்லாம் கேட்கமாட்டார்கள். அண்ணன் கொடுத்த கிட்னியானாலும், தாய் கொடுத்ததானாலும் அவர்களுக்கு அது வெளியாள்தான். 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் போஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மரே முதன்முதலாகக் கிட்னி மாற்றி வெற்றி கண்டார் என்றால், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே அச்சான இரட்டையர் என்பதுதான் காரணம். மற்றவர்களுக்கு ஜாகாவை அரைத் தூக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் மாத்திரை. பத்து வருஷம் ஆனாலும் இருபது வருஷம் ஆனாலும் ஜாகா மறப்பதில்லை. ‘இவ்வளவு காலம் ஒட்டிக்கிட்டுச்சே, இனிமே எதுக்கு?’ என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த மருந்துகளின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியதே. நம் நாட்டில் முதல் கிட்னி மாற்று 1975இல் கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில் நடந்தது. இந்தியாவில் அதற்கு முன்னரே, 1971இல், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வெற்றிகரமாகச் செய்தார்கள். அந்நாளில் கைவசம் இருந்தவை அஸாதயோப்ரினும் பிரெட்னிசோலோனும்தான். பிற்பாடு வந்தது சைக்ளோஸ்போரின். நார்வே நாட்டு மலைப்பகுதியில் எடுத்து வந்த மண்ணில் இருந்த ஒரு பூசணத்திலிருந்து பிறந்த மருந்து அது. கேம்பிரிட்ஜில் டாக்டர் ராய் கேன் 1978இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1983இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் பிறகே உறுப்பு மாற்று உலகெங்கும் பரவியது. டாக்ரோலிமஸ் ஜப்பானிய மண்ணில் 1984இல் கண்டெடுத்த கிருமியிலிருந்து வந்தது. மண்ணைக் கிளறிப் பிழைக்கும் நமக்கு இதைக் கேட்க ஒரு சந்தோஷம்.

சரி, உடம்பைப் படுத்தும் பாட்டுக்கு வருவோம்.

பிரெட்னிசோலோன் முகத்தை உப்ப வைக்கும். பசியைக் கிளப்பிவிடும். முன்பு ஒரு பிடி சோறு தின்றவர் மூன்று தட்டு கேட்பார். உப்பிய முகமும் தொப்பையும் அவர் திமிரல்ல, மருந்தின் வேலை. இனிப்பு நீர் இல்லாதவருக்கும் அதைக் கொண்டுவரும், எலும்பைத் தேய்க்கும், வயிற்றைப் புண்ணாக்கும், சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்து, காரணமில்லாமல் எரிந்துவிழச் செய்யும். பெண்டாட்டிமார்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும். காலைப் பசியாறிய பிறகு போட்டால் வயிறும் தூக்கமும் கொஞ்சம் தப்பும். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் கிட்னி மட்டுமல்ல, ஆளே மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சைக்ளோஸ்போரின் ஈறைத் தடிக்க வைக்கும், முகத்திலும் கையிலும் ரோமம் வளர்க்கும். வயது வந்த ஒரு தங்கச்சி என்னிடம் வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டே பேசியது. ‘மீசை முளைச்சிடுச்சு டிரசரையா, பொண்ணு பார்க்க வர்றவங்க என்ன சொல்லுவாங்க?’ என்று கேட்டது. மூன்று நாளாக மாத்திரை போடவில்லை என்று மெல்லத்தான் வெளியே வந்தது. இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. அந்த வயதில் முகம்தான் உலகம். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. நிபுணரிடம் விஷயத்தைச் சொன்னால், உடம்புக்கு ஒத்துவருமானால் சைக்ளோஸ்போரினை எடுத்துவிட்டு டாக்ரோலிமஸ் கொடுப்பார்கள். ரோமமும் ஈறும் நாளடைவில் தணியும். சொன்னால்தானே!

டாக்ரோலிமஸிலும் குறை இல்லாமல் இல்லை. கை நடுங்கும், டீ கிளாஸ் தளும்பும். குடிகாரன் என்று பெயர் வாங்கித் தருவது பெரும்பாலும் இந்த நடுக்கம்தான். இனிப்பு நீரையும் இரத்தக் கொதிப்பையும் கொண்டுவரும், முடி கொட்டும். அளவு மிஞ்சினால் வைத்த கிட்னியையே பழுதாக்கும். அதனால்தான் இரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று. இரத்தம் எடுக்கிற காலையில் இந்த மாத்திரையைப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. கையோடு எடுத்துப் போய், இரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். போட்டுவிட்டுப் போனால் அளவு ஏறித் தெரியும், டாக்டர் மருந்தைக் குறைப்பார், வினை வரும்.

மைக்கோபினோலேட் என்ற மருந்து வயிற்றுப்போக்கு உண்டாக்கும். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் முக்கியமாகக் கேளுங்கள்: இதைச் சாப்பிடும்போது கரு உண்டானால் குழந்தைக்கு ஊனம் வரலாம். மாற்றுக் கிட்னியோடு பிள்ளை பெற்றவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி, மருந்தை மாற்றிக்கொண்டு, அவர் சொல்லும் காலம் வரை காத்திருந்து பெற்றவர்கள் அவர்கள். மாமியார் பேச்சுக்குப் பயந்து ரகசியமாக மாத்திரையை நிறுத்துவது இரண்டு உயிரோடு விளையாடுவதாகும்.

மாத்திரையை நிறுத்தினவர்களை மோசம் செய்வது எது தெரியுமா? ஒன்றும் ஆகாததுதான்! வலிக்காது, காய்ச்சல் வராது, மூத்திரமும் போகும். முகம் வற்றி, ‘இப்பத்தான் நல்லா இருக்கேன்’ என்று தோன்றும். உள்ளே ஜாகா எழுந்து அடித்துக்கொண்டிருப்பான். இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருப்பதைக் கண்டுதான் டாக்டருக்கே தெரியவரும். கால் வீங்கிய பிறகு ஓடினால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். மறுபடி மெஷின்தான்.

இனி நம் வீட்டுச் சங்கதிகள். சீனப் பெருநாள் வந்தால் ஈப்போ தம்பூன் பம்ளிமாஸ் வீட்டுக்கு வீடு வந்துவிடும். அந்தப் பழம் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் இரண்டின் அளவையும் இரத்தத்தில் ஏற்றிவிடும். தொடவே வேண்டாம். பிலிம்பிங் என்கிற நட்சத்திரப் பழம் கிட்னி பலவீனமானவர்களுக்கு விஷம் போன்றது. கால்வலி, இடுப்புவலி என்று கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளில் பல கிட்னியைக் கெடுப்பவை. கௌட் வாதத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினாலும் அஸாதயோப்ரினும் சேர்ந்தால் இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். காசநோய் மருந்தான ரிபாம்பிசின் டாக்ரோலிமஸின் அளவைக் கீழே தள்ளும். எரித்ரோமைசின் மேலே ஏற்றும். ஆகவே எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், எங்களைப் போன்ற டிரசர்களிடம் வந்தாலும், ஆஸ்பத்திரிப் புத்தகத்தை முதலில் நீட்டுங்கள். சளிக்குத்தானே வந்தோம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

சந்தையில் ‘எதிர்ப்புச் சக்தி ஏற்றும்’ லேகியம், ஜாமு, பவுடர் என்று விற்கிறார்களே, அவை இவர்களுக்கு வேண்டவே வேண்டாம். சக்தியை அடக்கத்தான் டாக்டர் படாதபாடு படுகிறார், அதை ஏற்றுவானேன்? போதாததற்கு, அவற்றில் சிலவற்றில் ரகசியமாக ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

ஜாகா தூங்கும்போது கள்ளன் நுழைவது சுலபம். செம்பனைக் காட்டில் எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் உண்டு. சேற்று மண்ணிலிருந்து புண் வழியே ஏறும் கிருமியும் உண்டு. மாற்றுக் கிட்னிக்காரர் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் இறங்கக் கூடாது. காய்ச்சல் என்றால் பனடோல் போட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்கவும் கூடாது. அன்றே ஆஸ்பத்திரி. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகலாம், பால் குடம் எடுக்கலாம். அலகு மட்டும் வேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாக, சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்துடன் நோய் விடுப்பு, சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள். 2023 ஜனவரி முதல் ஆஸ்பத்திரியில் தங்கும் 60 நாளை அதிலிருந்து கழிப்பதில்லை. நல்லதே. ஆனால் மாற்றுக் கிட்னிக்காரர் படுத்துக் கிடப்பவரல்லர். இரத்தம் கொடுக்கவும் மருந்து வாங்கவும் போய்வருபவர். பண்டமாரானிலிருந்து கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காத்திருந்தாலே பொழுது சாய்ந்துவிடும். கேரித் தீவிலிருந்து போகிறவரைக் கேட்க வேண்டுமா? பல சமயம் கிடைப்பது எம்.சி. அல்ல, வந்துபோனதற்கான ஒரு துண்டுச் சீட்டு. அன்றைய சம்பளம் போயிற்று. இரண்டு தடவை போகிறவன் மூன்றாம் தடவை போகமாட்டான், மருந்து தீர்ந்துபோகும். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில், பரிசோதனை நாளுக்குச் சம்பளமும், மருந்து தெளிக்கும் வேலையிலிருந்து விலக்கும், இலேசான வேலையும் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இப்படிப்பட்டவர் ஒரு தோட்டத்தில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். முதலாளிக்கு அதனால் கஜானா காலியாகிவிடாது.

இன்னொன்று. 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான், ஷா ஆலம் பக்கம் எத்தனையோ வீடுகளில் அலமாரியே மிதந்தது. மழைக்காலத்தில் இரண்டு வார மாத்திரையையும் ஆஸ்பத்திரிப் புத்தகத்தின் நகலையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கையெட்டும் உயரத்தில் தொங்கவிட்டு வையுங்கள். வீட்டில் பெரிய பிள்ளைக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும்.