தடிப்பு வேறு, சத்தம் வேறு

அண்மையில் கண்டியில் ஒரு திருமண வீட்டில் மூன்று மணிநேரம் நெஞ்சதிர அமர்ந்திருந்துவிட்டு வந்தேன். கணினியில் இசையமைக்கும் நம் இளைஞர்கள் 'பேஸ்' என்றாலே சத்தம் என்று நம்புகிறார்கள். அது அறியாமை.

1970இல் உருவான மினிமூக் சின்தசைசரின் அடியொலி தடித்ததற்குக் காரணம் சத்தமல்ல. அதன் மூன்று அலையியற்றிகளைச் சுருதியில் மயிரிழை விலக்கி வைக்க முடிந்ததே. இன்றைய மென்பொருளிலும் வழி அதுதான். இரண்டு அலைகளைச் சற்றே விலக்குங்கள். அடியில் ஒரு தூய சைன் அலையை வையுங்கள். வடிகட்டியால் கூர்மையைக் குறையுங்கள். பிறகு சிறிது சிதைவு சேருங்கள். கைப்பேசியின் சிற்றொலிபெருக்கி 40 ஹேர்ட்ஸைத் தராது. சிதைவில் பிறக்கும் மேற்சுரங்களைக் கொண்டே காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. மற்றக் கருவிகளின் அடியொலியை வெட்டி இடமும் விடுங்கள். எல்லாமே தடித்தால் எதுவும் தடிப்பதில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை என்பீர்களோ? நம் மலையகத் தோட்டங்களில் தப்படிக்கும் கலைஞர், தோலைத் தீயில் காய்ச்சிப் பதம் பார்த்த பின்பே முதல் அடி போடுகிறார். நீங்களோ எவரோ செய்துவைத்த ஆயத்த ஒலியைத் திறந்து, குமிழைத் திருகுகிறீர்கள்.

தம்பிமாரே, முதலில் தோலைக் காய்ச்சுங்கள்.