கடைசியாக நடப்பவரை வைத்துத் திட்டம் போடுவோம்



பெருநாள் விடுமுறை நெருங்கினால் நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான பயணத் திட்டங்கள் சுற்றத் தொடங்கும். இரவு 10 மணிக்கு வேன் புறப்படும். இராவணா நீர்வீழ்ச்சி, எல்ல ஒன்பது வளைவுப் பாலம், ஹப்புத்தளை, ஹக்கலை பூங்கா, நுவரெலியா நகரம், கிரகரி வாவி, திரும்பும் வழியில் துன்ஹிந்த. அடுத்த சுபஹுக்கு ஊர். ஒரு நாளில் ஏழு இடம். தலைக்கு இவ்வளவு ரூபாய், சாப்பாடு உட்பட.

இந்தத் திட்டத்தில் எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும், நடப்பதற்கு மட்டும் இருக்காது. நீர்வீழ்ச்சிக்கு 20 நிமிடம் என்றால், அதில் 10 நிமிடம் வேனை நிறுத்த இடம் தேடுவதில் போய்விடும். மிச்ச 10 நிமிடத்தில் இளைஞர்கள் ஓடிப்போய்ப் பாறையில் ஏறுவார்கள். உம்மாமார் வேனுக்குள் இருந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டுவார்கள். முழங்கால் வருத்தமுள்ள வாப்பா, "நீங்க போய்ட்டு வாங்க மகன்" என்பார். இதற்குப் பெயர் குடும்பச் சுற்றுலா.

எங்கள் பாடசாலையின் சில ஆசிரியக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறிய மலை நடைக்குத் திட்டமிட்டு வருகிறோம். போகும் இடம் ஒன்றே ஒன்று, ஹோட்டன் சமவெளி. பேசிப் பேசி நாங்கள் வந்து சேர்ந்த கருத்தை உங்களோடும் பகிர விரும்புகிறோம். ஒரு பயணத்தை வேனின் வேகத்துக்கோ குழுவில் உள்ள இளைஞர்களின் வேகத்துக்கோ திட்டமிடக் கூடாது. கடைசியாக நடந்து வரப்போகிறவர் யார் என்று முதலில் கண்டுபிடித்து, அவருடைய காலுக்கும் மூச்சுக்கும் ஏற்றபடி மற்றதையெல்லாம் அமைக்க வேண்டும். இப்படிச் செய்தால் பயணம் இனிமையாக இருக்கும் என்பது ஒரு பக்கம். ஆபத்துகளில் பாதி தானாகவே குறைந்துவிடும் என்பது மறுபக்கம்.

ஏன் ஹோட்டன் சமவெளி? 2,100 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கும் தேசிய பூங்கா அது. 1988இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பிடித்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் அங்கிருந்து நீர் போகிறது. மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கும் மகாவலியின் தொடக்க ஓடைகளில் சில இந்தப் புல்வெளியிலிருந்து இறங்குபவை. கிழக்கில் பிறந்த பிள்ளைக்கு இதை வரைபடத்தில் காட்டுவதை விட, அந்த ஈரப் புல்லில் நிற்க வைத்துச் சொல்வது நல்லது.

நடைபாதை ஒரு வட்டம், சுமார் 9 கிலோமீற்றர். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பிறகு பேக்கர் நீர்வீழ்ச்சி, அங்கிருந்து மீண்டும் தொடங்கிய இடம். பேக்கர் நீர்வீழ்ச்சி சுமார் 20 மீற்றர்தான். 263 மீற்றர் உயரமான பம்பரகந்தையோடு ஒப்பிட்டால் குள்ளம். ஆனால் காட்டுக்குள் நடந்து போய்ச் சேரும்போது அது தரும் நிறைவு, வேன் கண்ணாடி வழியாகப் பார்க்கும் எந்த உயரத்திலும் கிடைக்காது.

பாதையைத் திடகாத்திரமானவர்கள் 3 மணித்தியாலத்தில் முடித்துவிடுவார்கள். எங்கள் குழுவில் ஆறு வயதுப் பிள்ளையும் இருக்கிறது, அறுபதைத் தாண்டிய ஒரு மாமியும் இருக்கிறார். ஆகவே நாங்கள் போட்டிருக்கும் கணக்கு 5 மணித்தியாலம். இந்த ஒரு எண்ணை மாற்றியதும் மற்றதெல்லாம் மாறிவிட்டது.

முதலாவது, இரவுப் பயணம் இல்லை. இரவு முழுக்க வேன் ஓட்டிய சாரதி விடியற்காலையில் மலை வளைவுகளில் கண்ணைக் கசக்குவதும், பின்னால் நாம் அனைவரும் தூங்கிக்கொண்டிருப்பதும் எந்த வகைச் சிக்கனம்? ஓர் இரவுத் தங்கும் செலவை மிச்சப்படுத்தவே இப்படிச் செய்கிறோம். முதல் நாள் பகலில் புறப்பட்டு வெலிமடையிலோ நுவரெலியாவிலோ தங்குவதற்காக, இரண்டு இடங்களையல்ல, ஆறு இடங்களை வெட்டினோம். சாரதியும் எங்களோடு உண்டு, எங்களோடு உறங்குவார்.

இரண்டாவது, காலை நேரம். பூங்கா வாயில் காலை 6 மணிக்குத் திறக்கிறது. 9, 10 மணியானால் உலக முடிவைப் பனிமூட்டம் மூடிவிடுவது வழமை. 800 மீற்றருக்கும் மேலான பள்ளத்தைப் பார்க்கப் போனவர்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வருவார்கள். சுபஹை ஜமாஅத்தாகத் தொழுத கையோடு புறப்பட்டால் போதும். நடந்து முடிந்து, பயணிக்குரிய சலுகைப்படி ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதால் யாரையும் விரட்ட வேண்டியதில்லை. "தொழுகைக்கு நேரமாகிறது, கெதியா நடங்க" என்று மார்க்கத்தைச் சொல்லி முதியவர்களைப் பாறையில் ஓட வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மார்க்கம் தந்த இலகுவை அந்த அவசரத்தில்தான் மறக்கிறார்கள்.

மூன்றாவது, பருவம். இது கிழக்கில் உள்ளவர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது. நமது பெருநாள்கள் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னே நகர்கின்றன. 2026இல் நோன்புப் பெருநாள் மார்ச்சில், ஹஜ்ஜுப் பெருநாள் மே கடைசியில். ஜனவரி முதல் மார்ச் வரை சமவெளியில் ஒப்பீட்டளவில் மழை குறைவு. மே கடைசி அப்படியல்ல, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம். அதே காற்று மலையைத் தாண்டி ஈரத்தை இழந்து நமது பக்கம் வரும்போது அதைத்தான் கச்சான் என்கிறோம். நமது முற்றத்தில் மண் வெடித்துக் கிடக்கும். அதை வைத்து மலையிலும் வெயில்தான் என்று முடிவெடுத்துவிடுவோம். ஊரில் கச்சான் பலமாக அடிக்கிறதென்றால் மலையின் மறுபக்கத்தில் மழை பெய்துகொண்டிருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். போகும் பாதை எங்கேயாவது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிக்கப்பட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. முற்பணம் போனால் போகட்டும்.

இனிப் பெண்களைப் பற்றி. இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. நமது பயணங்களில் ஒரு வேன் பயணிகளுக்கு, ஒரு வேன் சட்டிபானைக்கு என்ற நிலை இருக்கிறது. ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டி, ஐம்பது பேருக்குப் புரியாணி சமைத்து, அதைப் பரிமாறி, பிறகு சட்டி கழுவும் பெண்கள் எந்த நீர்வீழ்ச்சியைப் பார்த்தார்கள்? வீட்டுக் குசினியைத் தூக்கி மலையில் வைத்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த சுற்றுலா. ஆகவே எங்கள் திட்டத்தில் சமையல் இல்லை. எப்படியும் பூங்காவுக்குள் நெருப்பு மூட்ட முடியாது. ரொட்டி, கட்டைச் சம்பல், அவித்த முட்டை, பணிஸ், பேரீச்சம்பழம், பிளாஸ்கில் இஞ்சிப் பிளேன்டி. ஆளுக்கொரு சாப்பாட்டுப் பெட்டி, அவரவர் பையில். ஆண்களும் பிள்ளைகளும் தங்கள் பெட்டியைத் தாங்களே சுமப்பார்கள். மாலையில் ஊருக்குள் வந்து ஒரு ஹலால் சாப்பாட்டுக் கடையில் சுடச்சுடச் சாப்பிடலாம்.

லஞ்ச் ஷீட், சொப்பிங் பேக் எதுவும் வேண்டாம். வாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக் கூடக் கழற்றச் சொல்வார்கள். சிலர் அதற்கு முகம் சுளிக்கிறார்கள். அந்தப் புல்வெளியில் மேயும் மரைகள் உப்பும் உணவு வாசமும் பிடித்த பொலித்தீனை விழுங்கிவிடும். அது வயிற்றில் அடைத்தால் மெதுவான மரணம். வாயில்லாப் பிராணிக்குச் செய்யும் அநியாயம் பற்றி ஜும்ஆவில் கேட்கிறோம். அதைக் கடைப்பிடிக்க நல்ல இடம் பூங்கா வாயில்.

உடை பற்றியும் வெளிப்படையாகப் பேசினோம். நிலத்தில் இழுபடும் அபாயா ஈரப் பாறையில் காலைத் தட்டிவிடும். கணுக்கால் அளவில் தைத்த அபாயா, உள்ளே தளர்வான காற்சட்டை, பிடிமானமுள்ள சப்பாத்து. மார்க்கமும் குறையாது, காலும் வழுக்காது. கடற்கரைச் சூட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் குளிருடுப்பு கட்டாயம். விடிகாலையில் அங்கே பல் கிட்டிக்கும். மலசலகூடம் நடை தொடங்கும் ஃபார் இன் பக்கத்திலேயே இருக்கிறது, இடையில் எதிர்பார்க்க வேண்டாம். இதைச் சொல்லாமல் கூட்டிப் போவதால்தான் பல பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நடந்து தலைசுற்றி விழுகிறார்கள்.

கடைசியாக, மிக முக்கியமானது, தண்ணீர். விடுமுறை வந்தால் நீர்வீழ்ச்சியில் மூழ்கி இளைஞர் மரணம் என்ற செய்தியும் வந்துவிடுகிறது. பெருநாள் உடுப்போடு போன பிள்ளை மையித்தாகத் திரும்பிய வீடுகள் நமது சமூகத்திலும் உண்டு. "அவன் கடலிலே நீந்துறவன்" என்று உறவினர்கள் சொல்லி அழுவார்கள். ஆபத்து அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. உப்புத் தண்ணீர் உடலைத் தூக்கிப் பிடிக்கும், நன்னீர் அவ்வளவு தூக்காது. நீர்வீழ்ச்சியின் அடியில் வெள்ளையாய் நுரைக்கும் தண்ணீரில் பாதி காற்று கலந்திருப்பதால் அது இன்னும் குறைவாகவே தாங்கும். விழும் நீர் ஆளைக் கீழே அழுத்தும், பாறையின் அடியில் குடைந்த பொந்துகளுக்குள் இழுக்கும். மலைத் தண்ணீரின் குளிர் மூச்சைத் திணற வைக்கும், தசையை இறுக்கும். கரையிலுள்ள பாறை பாசியால் சவர்க்காரம் போலிருக்கும். கடலில் பெற்ற திறமை இதில் ஒன்றுக்கும் உதவாது.

இன்னொன்று. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் எறிக்கும்போதே மேலே சில கிலோமீற்றர் தள்ளிப் பெய்த மழை நிமிடக்கணக்கில் கீழே வந்து சேரும். தெளிந்த நீர் கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், யோசிக்காமல் உயரமான கரைக்கு ஏறுங்கள். பையை எடுக்கத் திரும்பாதீர்கள்.

பேக்கர் நீர்வீழ்ச்சியில் குளிப்பதற்குத் தடை இருக்கிறது. தடை இல்லாத இடத்திலும் எங்கள் குழுவின் விதி ஒன்றுதான், நீர்வீழ்ச்சியைப் பார்ப்போம், இறங்க மாட்டோம். உலக முடிவின் விளிம்பில் செல்பி எடுப்பதற்கும் அதே விதி.

விதி போடுவது இலகு, யார் அமுல்படுத்துவது? பாடசாலைச் சுற்றுலா என்றால் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும், பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும், பொறுப்பாசிரியரின் பெயர் வேண்டும். குடும்பத்தோடு போகும்போது இதில் ஒன்றுமே இல்லை. ஐம்பது பேர் போகிறார்கள், பொறுப்பாளி யாரென்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். மூன்று பேர் பயணம் போனாலே ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளும்படி நமக்குக் கற்றுத்தரப்பட்டிருக்கிறது. அதைச் சொற்பொழிவில் கேட்பதோடு விடாமல் நடைமுறைப்படுத்துவோம். "மழை இருட்டுகிறது, திரும்புவோம்" என்று அமீர் சொன்னால் திரும்ப வேண்டும். பணம் கட்டியிருக்கிறோம் என்ற வாதம் அங்கே செல்லாது. அவரிடம் ஆள் எண்ணிக்கையும், 1990 அம்பியூலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆகிய இலக்கங்களும் இருக்கட்டும்.

எங்கள் அமீர் வரிசையின் கடைசியில் நடப்பார். நபி (ஸல்) அவர்கள் பயணங்களில் பின்தங்கி வந்து, பலவீனமானவர்களுக்கு உதவி செய்து கூட்டி வருவார்கள் என்று ஹதீஸில் வருகிறது. படைக்கே தலைமை தாங்கியவர் பின்னால் வந்திருக்கிறார்கள். நமது குழுக்களில் மட்டும் தலைவர் முதலில் ஓடிப்போய்ப் போட்டோ போட்டுவிடுகிறார்.

ஆகவே இந்தப் பெருநாளுக்கு வேன் பேசும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் குழுவில் கடைசியாக நடக்கப்போகிறவர் யார் என்று பாருங்கள். உம்மாவாக இருக்கலாம், கர்ப்பிணி மருமகளாக இருக்கலாம், ஆறு வயதுப் பிள்ளையாக இருக்கலாம். அவரிடம் போய், "எவ்வளவு தூரம் நடப்பீங்க, எங்கே போக ஆசை?" என்று கேளுங்கள். பலரிடம் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் துன்ஹிந்தவின் சிறு நடையே போதும் என்றால் அங்கே போங்கள். ஒரே ஓர் இடம். எல்லோரும் நடந்து, எல்லோரும் பார்த்து, போன எண்ணிக்கையிலேயே திரும்பி வாருங்கள்.

அல்லாஹ் நமது பயணங்களை இலகுவாக்கி, அனைவரையும் நலமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.