ரைசினாக் குன்றின் மாளிகை

அயலார் தம் ஆட்சிப் பெருமைக்கென எழுப்பிய மாளிகையை விடுதலை பெற்ற மக்கள் யாது செய்தல் தகும்? இடித்தொழித்தல் ஒன்று, குடியேறி வாழ்தல் மற்றொன்று. இவ்விரண்டனுள் எது நேரிது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இடித்தல் எத்தகையதென்பதை நம் சங்கரன்கோவிற் பக்கத்தார் நன்கறிவர். ஒட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கும்பினிப் படை 1801 ஆம் ஆண்டிற் கைப்பற்றித் தரைமட்டமாக்கிற்று. வென்றவர் அழிவையே தம் வெற்றிச் சின்னமாக விட்டுச் சென்றனர்.

நிற்க, 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரைக் கல்கத்தாவினின்றும் டில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். ரைசினா, மால்ச்சா முதலிய சிற்றூர்களின் உழவர் தம் நிலங்களை இழந்தனர். ரைசினாக் குன்றின்மீது எட்வின் லட்யன்ஸ் என்பார் 340 அறைகள் கொண்ட மாளிகையை வகுத்தமைத்தார். 1929 இல் இர்வின் பிரபு அதிற் குடிபுகுந்தார். என்றும் நிலைக்குமெனக் கருதிக் கட்டிய அம்மனையில் ஆங்கில வைஸ்ராய்கள் வாழ்ந்தது பதினெட்டு ஆண்டுகளே!

விடுதலைக் காலத்தில், அம்மாளிகையை மருத்துவமனையாக்கலாம் என்று காந்தியடிகள் கருதினார். ஏழை நாட்டின் தலைவருக்கு இத்துணைப் பெரிய இல்லம் எதற்கு என்னும் வினாவை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது. 1948 ஜூனிற் கவர்னர் ஜெனரலான இராஜாஜி அதற்குத் தம் வாழ்வாலேயே விடையிறுத்தார். வைஸ்ராய் வாழ்ந்த பேரறைகளை விடுத்துச் சிறியதொரு பகுதியில் தங்கினார். உணவுத் தட்டுப்பாடு நிலவியமையால் மாளிகை நிலத்தில் தாமே ஏர் பிடித்து உழுது, அதனைத் தானியம் விளையும் வயலாக்கினார். 26-1-1950 இல் முதற் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற இராஜேந்திர பிரசாதும் அச்சிறு பகுதியிலேயே வாழ்ந்தார்.

ஆதலின் மாளிகையை இடியாது வைத்துக்கொண்டது நன்றே என்பது என் துணிபு. ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்து, கோட்டயம் சி. எம். எஸ். மிஷன் கல்லூரியிற் பயின்ற கே. ஆர். நாராயணன் 1997 இல் அதன் தலைவாயிலிற் புகுந்தார். சந்தாலிப் பழங்குடியில் தோன்றிய திரௌபதி முர்மு அம்மையார் 2022 இற் புகுந்தார். வைஸ்ராய்கள் காலத்திற் கனவிலும் எண்ணவொண்ணாத இம்மாற்றத்தை இடிந்த சுவர்கள் நமக்குக் காட்டியிரா.

ஆயினும் குடியேறியதோடு கடமை முடிந்துவிடவில்லை. முகலாயத் தோட்டம் 2023 இல் அம்ருத உத்யானம் ஆயிற்று. தர்பார் மண்டபம் 2024 இற் கணதந்திர மண்டபம் ஆயிற்று. பெயரை மாற்றுதல் எளிது. பேரறையை விட்டுச் சிற்றறைக்குச் செல்லுதல் அரிது. அரியதைச் செய்த இராஜாஜியின் வழியே இன்றும் நாம் வேண்டி நிற்பது. மாளிகையைக் காணச் செல்லும் மாணவர்க்கு அறைகளின் எண்ணிக்கையைச் சொல்வோர், நிலமிழந்த உழவரின் வரலாற்றையும் உடன் சொல்லல் வேண்டும். அங்ஙனம் சொல்லுங்காலன்றோ அது குடிமக்களின் மாளிகை என்னும் பெயர்க்கு முற்றும் உரியதாகும்?