ஏட்டளவில் ஒரு நலவாழ்வு நாள்

உலக மனநல நாளான அக்டோபர் 10 நெருங்கும்போது, "மாணவர் நலவாழ்வு நாள்" என்ற பெயரில் மேல்நிலைப் பள்ளிகள் விழா எடுப்பது தலைநகர் தில்லியிலும் பிற பெருநகரங்களிலும் வழக்கமாகி வருகிறது. காலையில் யோகாசனம், பிறகு ஓவியப் போட்டி, பிரமுகர் ஒருவரின் அறிவுரை, உறுதிமொழி ஏற்பு, இறுதியில் குழுப் படம் என்று நிகழ்ச்சி நிரல் முடிந்துவிடுகிறது. மறுநாள் முதல் பாடவேளையிலேயே அலகுத் தேர்வு காத்திருக்கிறது. முந்தைய நாள் "மனம் திறந்து பேசுங்கள்" என்று கேட்டுக்கொள்ளப்பட்ட மாணவர், மறுநாள் பேச நினைத்தால் யாரிடம் பேசுவது என்பதற்கு மட்டும் விடை இருப்பதில்லை.

இப்படியொரு நாள் தேவைதானா என்பதல்ல கேள்வி. அதை எதற்காக, எப்படித் திட்டமிடுவது என்பதுதான் கேள்வி.

உண்மையில் இந்த நாள் புதிய கண்டுபிடிப்பும் அல்ல. மத்திய சுகாதார அமைச்சகமும், அன்றைய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் இணைந்து, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் பள்ளி நலவாழ்வுத் திட்டத்தின் பாடத்திட்டத்தை 2020 பிப்ரவரியில் வெளியிட்டன. பள்ளிதோறும் ஓர் ஆசிரியர், ஓர் ஆசிரியை என இருவர் "நலவாழ்வுத் தூதர்"களாகப் பயிற்றுவிக்கப்பட வேண்டும். மனநலம், போதைப் பொருள் தடுப்பு, பாதுகாப்பான இணையப் பயன்பாடு உள்ளிட்ட 11 தலைப்புகளை வாரந்தோறும் மாணவர்களுடன் விவாதிக்க வேண்டும். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையையும் பள்ளிகள் நலவாழ்வு நாளாகக் கடைப்பிடிக்கலாம் என்றெல்லாம் அதில் கூறப்பட்டது. முதல் கட்டமாக, "முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள்" எனப் பட்டியலிடப்பட்டவற்றில் உள்ள அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் இதைச் செயல்படுத்துவது என்பது ஏற்பாடு. அடுத்த மாதமே கரோனா தீநுண்மி பள்ளிகளின் கதவுகளை மூடிவிட்டது. கதவுகள் மீண்டும் திறந்தபோது, விட்டுப்போன பாடங்களை முடிக்கும் அவசரமே முன்னின்றது. வாரந்தோறும் வர வேண்டிய ஒரு நாளை ஆண்டுக்கொரு விழாவாகச் சுருக்கிக்கொண்டு, அதையும் சாதனையாகச் சொல்லிக்கொள்ளும் நிலைக்குப் பல பள்ளிகள் வந்திருக்கின்றன என்பதே கசப்பான உண்மை.

இதன் விலை என்ன என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்கள் சொல்கின்றன. 2013-ஆம் ஆண்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 8,423 பேர். 2022-இல் இந்த எண்ணிக்கை 13,044. 2023-இல் 13,892. பள்ளி, கல்லூரி இரண்டையும் உள்ளடக்கிய கணக்கு இது. சராசரியாக நாளொன்றுக்கு 38 இளம் உயிர்கள். 2022-ஆம் ஆண்டுப் பட்டியலில் மகாராஷ்டிரம், தமிழகம், மத்தியப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களும் முதல் மூன்று இடங்களில் இருந்தன. இது ராஜஸ்தானின் கோட்டா நகரப் பயிற்சி மையங்களின் பிரச்னை மட்டுமே என்று மற்ற மாநிலங்கள் ஒதுங்கிக்கொள்ள இடமில்லை.

ஒவ்வொரு மரணத்துக்கும் ஒற்றைக் காரணத்தைச் சுட்டிவிட முடியாது. குடும்பச் சூழல், வறுமை, உடல்நலம், உறவுச் சிக்கல் எனப் பல இழைகள் பின்னிக் கிடக்கின்றன. ஆனால், பள்ளியின் பங்கு எது என்பதில் ஐயம் இல்லை. என்சிஇஆர்டி நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான 3.79 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கருத்துகள் பெறப்பட்டன. படிப்பு, தேர்வு, தேர்வு முடிவுகள் ஆகியவையே தங்கள் பதற்றத்துக்குக் காரணம் என்று அவர்களில் 81 சதவீதம் பேர் தெரிவித்திருந்தனர். இதைச் சொன்னது எதிர்க்கட்சியோ தன்னார்வ அமைப்போ அல்ல. மத்திய அரசின் பாடநூல்களை எழுதும் நிறுவனமே சொன்னது.

தலைநகரில் நல்ல முயற்சியே நடக்கவில்லை என்று கூறிவிட முடியாது. தில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் தலாய் லாமாவின் முன்னிலையில் "மகிழ்ச்சிப் பாடத்திட்டம்" தொடங்கப்பட்டது. நாள்தோறும் ஒரு பாடவேளை, தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. 2020 பிப்ரவரியில் அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி மெலனியா டிரம்ப் நேரில் வந்து பார்க்கும் அளவுக்கு அது பேசப்பட்டது. ஆனால், அந்த வகுப்பு மழலையர் வகுப்பு முதல் 8-ஆம் வகுப்பு வரை மட்டுமே என வகுக்கப்பட்டது. 9-ஆம் வகுப்பில் காலடி வைக்கும்போது மாணவர் அதை இழந்தார். பொதுத்தேர்வு, பாடப்பிரிவுத் தேர்வு, நுழைவுத் தேர்வு என்று சுமை ஏறத் தொடங்குவது அந்த வகுப்பிலிருந்துதான். குடை தேவையில்லாத நாளில் குடை கொடுத்து, மழை தொடங்கியதும் திரும்ப வாங்கிக்கொள்வதைப் போன்றது இது.

இந்த நிலையில்தான் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்ற 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா ஆகியோர் அடங்கிய அமர்வு 2025 ஜூலை 25-இல் 15 வழிகாட்டு நெறிகளைப் பிறப்பித்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும்; சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களுடன் முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும்; ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி அளிக்க வேண்டும்; மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைத் தனித்தனிப் பிரிவாக்குவதையும், பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதையும் கைவிட வேண்டும் என்பன அவற்றுள் சில. மனநலம் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு வழங்கும் உயிர்வாழும் உரிமையின் ஓர் அங்கம் என்பது இந்தத் தீர்ப்பின் அடித்தளம்.

இவற்றை மனதில் கொண்டு பார்த்தால், நலவாழ்வு நாளைத் திட்டமிட வேண்டிய முறை தானாகத் தெளிவாகும்.

முதலாவது, அந்த நாளுக்கு முன்பாகவே மறுநாளுக்கான ஏற்பாடு இருக்க வேண்டும். குறைகளைக் கேட்க ஆள் இல்லாத பள்ளியில் குறைகளைச் சொல்லச் சொல்வது ஆபத்தானது. துணிந்து வாய்திறந்த மாணவர், கேட்பாரற்றுப் போனால், இரண்டாவது முறை பேச மாட்டார். எனவே ஆலோசகர் யார், எந்த அறையில், எந்த நேரத்தில் இருப்பார், அவருடைய சக்திக்கு மீறிய நிலை ஏற்பட்டால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்பன முடிவான பிறகே நாள் குறிக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, திட்டமிடும் குழுவில் மாணவர்களுக்கு இடம் வேண்டும். அதுவும் முதல் மதிப்பெண் பெறுபவர்களுக்கு மட்டுமல்ல. கடைசி வரிசையில் அமர்பவர், விடுதியில் தங்கிப் படிப்பவர், உடல் குறைபாடு உடையவர் ஆகியோரும் இருந்தால்தான் எது உண்மையில் வலிக்கிறது என்பது தெரியவரும். பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் கருத்துக் கேட்டாலே பாதி நிகழ்ச்சி நிரல் தயாராகிவிடும்.

மூன்றாவது, மேடையில் ஏற்றி எந்த மாணவரையும் தன் துயரத்தைச் சொல்ல வைக்கக் கூடாது. கைதட்டலுக்காகச் சொல்லப்பட்ட துயரம் மறுநாள் கேலிக்குரியதாகிவிடும். சிறு குழுக்களாக, அறிமுகமான ஆசிரியருடன் பேசுவதும், விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் நேரம் ஒதுக்குவதுமே பயன் தரும்.

நான்காவது, பெற்றோரை அன்று மாலையாவது அழைத்துப் பேச வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஒப்பிடும் பழக்கம் வீட்டில் தொடரும்வரை பள்ளியில் ஏற்றும் விளக்கு வெளிச்சம் தராது.

ஐந்தாவது, "டெலி மனஸ்" உதவி எண்ணான 14416 ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதப்பட வேண்டும். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கப்பட்ட இந்தக் கட்டணமில்லாச் சேவை, தமிழ் உள்பட 20 மொழிகளில், இரவு பகலாகக் கிடைக்கிறது. இந்த எண்ணை எழுதுவதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா வண்ணம் மட்டுமே.

"அந்தக் காலத்தில் இதெல்லாம் இருந்ததா? தோற்றவர்கள் மறுபடியும் எழுதித் தேறவில்லையா?" என்று மூத்தவர்கள் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், அன்று தோற்றவனுக்கு நிலமோ, பட்டறையோ, கடையோ, ஏதோ ஒரு வழி திறந்திருந்தது. தோல்வியைப் பகிர்ந்துகொள்ளக் கூட்டுக் குடும்பம் இருந்தது. இன்று சில நூறு மதிப்பெண்ணில் முழு வாழ்க்கையும் அடங்கியிருப்பதாக ஊரே சேர்ந்து நம்பவைத்த பிறகு, "தைரியமாக இரு" என்று பிள்ளைக்கு மட்டும் உபதேசிப்பது முறையாகாது.

ஆசிரியர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, கல்வி சாராத பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தத் தடை விதித்தாலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகியவற்றுக்கு விலக்கு அளித்திருக்கிறது. இவற்றுக்கு இடையே பாடத்தையும் முடிக்க வேண்டிய ஆசிரியரின் தலையில் "நலவாழ்வுத் தூதர்" என்ற பட்டத்தையும் சுமத்திவிட்டு, அவரது நலனை யார் கேட்பது? பயிற்சியும் நேரமும் தராமல் பொறுப்பை மட்டும் தருவது யாருக்கும் நன்மை பயக்காது. ஆலோசகர் என்பது தனிப் பணியிடமாக, ஊதியத்துடன் உருவாக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் இதுவே.

நாடாளுமன்றத்துக்கும் இதில் கடமை உண்டு. மாணவர் மனநலம் குறித்துக் கேள்வி எழுப்பப்படும்போது, திட்டங்களின் பெயர்ப் பட்டியலைப் பதிலாகப் பெற்றுக்கொண்டு உறுப்பினர்கள் அமர்ந்துவிடக் கூடாது. எத்தனை பள்ளிகளில் ஆலோசகர் இருக்கிறார், எத்தனை இடங்கள் காலி, ஒதுக்கிய நிதியில் எவ்வளவு செலவானது என்ற துணைக் கேள்விகள் தொடர வேண்டும். 1976-இல் 42-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் மூலம் கல்வி பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டுவிட்டதால், "இது மாநிலங்களின் பொறுப்பு" என்று மத்திய அரசு முழுவதுமாகக் கைகழுவ முடியாது. "மத்திய அரசு நிதி தரவில்லை" என்பதோடு மாநிலங்களும் நின்றுவிட முடியாது.

உச்ச நீதிமன்றத்தின் நெறிகள் சட்டம் இயற்றப்படும்வரையிலான இடைக்கால ஏற்பாடே. பணியிடத்தில் பெண்களின் பாதுகாப்புக்காக 1997-இல் விசாகா வழக்கில் நீதிமன்றம் வகுத்த நெறிகள், 2013-இல்தான் நாடாளுமன்றத்தால் சட்டமாக்கப்பட்டன. இடையில் ஓடியவை 16 ஆண்டுகள். அன்று காட்டிய அதே நிதானத்தை மாணவர்கள் விஷயத்திலும் காட்டினால், இன்று ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தை பள்ளிப் படிப்பையே முடித்து வெளியேறிவிடும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நலவாழ்வு நாளுக்கான கோப்பு தயாராக இருக்கிறது, கிழமையும் குறிக்கப்பட்டிருக்கிறது, நீதிமன்றத்தின் ஆணையும் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு நாற்காலியும், அதில் அமர்ந்து பொறுமையாகக் கேட்க ஒருவரும்தான் இன்னும் வர வேண்டும். அவரை நியமிக்கும் ஆணையில் கையெழுத்திடுபவர்களே மாணவர் நலவாழ்வு நாளைக் கொண்டாடத் தகுதியுடையவர்கள்.